சேற்றில் ஓடிய திரைச்சீலை

கண்ணுகளா, திரைச்சீலைத் துணி அச்சடிக்கிற பட்டறை ஒன்றில் பார்சல் கட்டுகிறவள் ஒருத்தி இருந்தாள். கை கயிறு கட்டும், கண் மட்டும் மேய்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே வெட்டிய முட்டைக்கோஸ், துருப்பிடித்த கதவு, வாளியில் சோப்பு நுரை என்று எதைக் கண்டாலும் போனில் படம் எடுத்துவிடுவாள். பால் பொங்கி வழிகிறது, இவள் அதைப் படம் பிடிக்கிறாள் என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். மறுநாள் அவரே ஓர் இலையைத் திருப்பிக் காட்டி, இந்த நரம்பை எடுத்தாயா என்பார்.

டிசைன் அறையில் ஓர் இடம் காலியாயிற்று. இன்று பகல் பன்னிரண்டுக்குள், துணியில் அச்சடிக்க யார் நல்ல படம் கொண்டுவந்தாலும் அவர்களுக்குத்தான் அந்த நாற்காலி என்றார் டிசைன் மாஸ்டர். பதினொன்றரைக்கு இவள் பத்துப் படங்களோடு போய் நின்றாள். எல்லாம் அழகுதான், ஆனால் ஒன்றுகூடத் துணிக்கு ஆகாது என்றார் அவர். ஒரே படம் திரும்பத் திரும்ப அச்சாகும்போது, ஒன்றின் அடிவிளிம்பு அடுத்ததன் தலைவிளிம்போடு சேர வேண்டுமாம். தினமும் அந்தத் துணியையே மடித்துக் கட்டுகிறவளுக்கு அது தோன்றாமல் போயிற்றே!

முகம் தொங்க வெளியே வந்தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. முற்றத்துச் சேற்றில் சரக்கு வேனின் சக்கரத் தடம், பின்னலிட்டது போல. டயரில் எங்கோ ஒரு வெட்டு. அதன் வடு சேற்றில் விழுந்து, சற்றுத் தள்ளி மறுபடி, அதற்கப்பால் மறுபடி. அவள் குனிந்து பார்த்தாள். ஒரு சுற்று முடிகிற இடத்தில்தானே அடுத்த சுற்று தொடங்குகிறது!

ஆனால் தடத்தை யார் யாரோ மிதித்துப் பாழாக்கியிருந்தார்கள். வேன் ஓட்டுகிறவன் அவள் கொழுந்தன்தான். ஓடிப்போய்க் கேட்டாள்.

"தம்பி, இந்தச் சேத்துல நேரா ஒரு தடவை ஓட்டுங்க."

"இப்பதான் கழுவினேன், அண்ணி. அம்மா உங்களைப் பத்திச் சொல்றது சரிதான் போல."

"நானே கழுவித் தரேன். பத்து நிமிஷம்தான் இருக்கு, ஓட்டுங்க."

சிரித்துக்கொண்டே ஓட்டினான். அவள் பின்னாலேயே ஓடினாள். செருப்பு சேற்றோடு போயிற்று, போகட்டும். மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, வடுவிலிருந்து வடு வரை ஒரே படமாக எடுத்தாள்.

பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருந்தது. மாஸ்டர் படத்தைக் கணினியில் ஏற்றி, அதன் அடியிலேயே இன்னொரு பிரதியை வைத்தார். அதற்கடியில் இன்னொன்று. திரை முழுக்கப் பின்னல் ஓடியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஒட்டு எங்கம்மா இருக்கு?"

"இல்லீங்க சார்."

அவர் மேனேஜரைக் கூப்பிட்டு, பார்சலுக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரும்மா. சேறு ஆனா ஆகட்டும்."