கை வைத்தால் அடங்கும் இரைச்சல்

ஹெட்போனைக் காதில் மாட்டிய வேகத்திலேயே தசரதன் அதைக் கழற்றிவிட்டான்.

"இன்னா பாய் இது? கரண்ட் கம்பத்துல காத வச்ச மாதிரி ஞொய்ங்குனு கத்துது!"

"அதத்தான் காலையிலருந்து நானும் கேட்டுக்கினு இருக்கேன்" என்றான் அப்சல். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்தியிருந்தார்கள். வைகாசி வெயில், வேங்கிக்காலில் மொட்டை மாடியை ஒட்டிய அப்சலின் ஸ்டுடியோ அறை, எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் பூராவும் முட்டை அட்டை. அதற்குள் மூன்று பேர் இருந்தால் எப்படி இருக்கும்? வெந்துபோகத்தான் செய்யும்.

மூன்றாவது ஆள் தசரதனின் மனைவி சந்திரா. மைக் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வெந்நீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் இருந்தாள்.

சந்திரா வாய் திறக்காமல் இருப்பது என்பது இந்த ஊரில் நடக்காத காரியம். தசரதன் ஓட்டுவது விளம்பர ஆட்டோ. மேலே முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாக இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஜவுளிக் கடை திறந்தாலும் சரி, பல் டாக்டர் புதிதாக வந்தாலும் சரி, "திருவண்ணாமலை வாழ் பெருமக்களே" என்று ஆரம்பிப்பது சந்திராவின் குரல்தான். அப்சல் பதிவு செய்து கொடுப்பான், தசரதன் தெருத்தெருவாக ஓட்டுவான். மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலை கேட்டால்கூட, "ஆட்டோல பேசுறது நீங்கதானே?" என்று காய்க்காரி நிமிர்ந்து பார்ப்பாள். அதில் சந்திராவுக்குக் கொள்ளைப் பெருமை. விலை மட்டும் குறையாது.

அந்தக் குரல் வரும் கழுத்தில்தான் கட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. தைராய்டு என்றார்கள். நாளைக் காலையில் வேலூர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மறுநாள் ஆபரேஷன். "குரல் நரம்பு அதை ஒட்டித்தான்மா போகுது. ஜாக்கிரதையாத்தான் செய்வோம். ஆனாலும் சில பேருக்குக் குரல் போயிடும். சில பேருக்குத் திரும்ப வரும். முன்கூட்டியே சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு அது தினப்படி வேலை. தசரதனுக்கு அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாதாரணமாகவே சும்மா இருந்தால் கால் நமநமக்கும் ஆள். இப்போது கேட்கவே வேண்டாம்.

யோசனை அப்சலுடையது. "அக்கா, ஆபரேஷனுக்கு முன்னாடி வார்த்தை வார்த்தையா பேசி வச்சிடுங்க. கிழமை, மாசம், நம்பரு, ஜவுளி, நகை, பாத்திரம், தள்ளுபடி, வாங்க, வாருங்கள், எல்லாம் தனித்தனியா. நாளைக்கு எந்தக் கடை வந்தாலும் கம்ப்யூட்டர்ல ஒட்டிக் குடுத்துடலாம்" என்றான். பழைய பதிவுகளில் அடியில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து கிடக்கின்றன. அதிலிருந்து வார்த்தையை வெட்டி எடுக்க முடியாது. தசரதனுக்கு அந்த யோசனை கெட்டியாகப் பிடித்துப் போயிற்று. குரலையே பத்திரமாகப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகப் போவதாக அவனுக்கு ஒரு நினைப்பு. மகள் இனியாவைக் கீழ்பென்னாத்தூரில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, மத்தியானம் வந்து இறங்கினால் இந்த ஞொய்ங்.

மைக்கையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து வைக்கும் ஆடியோ பெட்டி ஒன்றை அப்சல் சென்னைக்குப் போய் வாங்கி வந்திருந்தான். போன வாரம் வரைக்கும் அதில் பதிவு பளிங்காக இருந்தது. இப்போது சந்திரா பேசாதபோது இரைச்சல், பேசும்போது குரலுக்கு அடியிலும் இரைச்சல்.

"டியூப் லைட்ட அணைங்கண்ணே."

அணைத்தான். ஞொய்ங்.

"கீழ ஃபிரிஜ்ஜு ஓடுதா பாருங்க."

ஓடினான். வீட்டுக்காரர் குடும்பத்தோடு முகூர்த்தத்துக்குப் போயிருந்தார், வீடு பூட்டிக் கிடந்தது. வெளியே மீட்டர் பெட்டியில் கீழ் வீட்டு ஃபியூஸையே தசரதன் பிடுங்கிக்கொண்டு மேலே வந்தான். அட, அப்படியாவது அடங்கியதா? ஞொய்ங்.

செல்போனை அணைத்தார்கள். மைக் ஒயரை மாற்றினார்கள். ஆடியோ பெட்டியின் ஒயரைக் கம்ப்யூட்டரின் முன் ஓட்டையிலிருந்து பின் ஓட்டைக்கு மாற்றினார்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகச் சுவரில் சொருகினார்கள். ஒவ்வொரு தடவையும் அப்சல் ஹெட்போனில் கண்ணை மூடிக் கேட்பான். ஒவ்வொரு தடவையும் தசரதன் அவன் முகத்தையே பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் அந்த முகம் தொங்கும்.

"கம்ப்யூட்டர்லயே இரைச்சல எடுக்கலாம்னு சொன்னியே?"

"எடுத்துப் பாத்தேண்ணே. குரலும் சேந்து போவுது. தண்ணிக்குள்ளருந்து பேசுற மாதிரி ஆயிடுது."

"அப்ப இதெல்லாம் ஆட்டோல ஏத்து, எங்க வூட்டுக்குப் போலாம்."

"உங்க வூடு பஸ் ஸ்டாண்டு பக்கம். ஆர்ன் சத்தத்துக்கு இந்த இரைச்சலே தேவல."

"வேற ஸ்டுடியோ?"

"இருக்கறது இன்னும் ஒருத்தரு. முகூர்த்த நாளுன்னு கேமராவத் தூக்கினு மண்டபத்துக்குப் போயிட்டாரு."

தசரதன் வாசலுக்குப் போனான், உள்ளே வந்தான், ஜன்னலைத் திறந்தான், மூடினான். வெளியே மலை வெயிலில் காய்ந்துகொண்டு நின்றது.

"யோவ், கொஞ்சம் உக்காரேன். நீ நடக்கறதப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்றாள் சந்திரா.

"உக்காந்தா சத்தம் போயிடுமா?"

"நடந்தா போயிடுமா?"

"உனக்கு இன்னா? ராணி மாதிரி உக்காந்துக்கினு கெடக்குற. பொழுது போவுது. நாளைக்கு இந்நேரம் கட்டில்ல படுக்கப் போட்டுருவாங்க. அதுக்கப்புறம் நீ பேசுவியோ…" என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சந்திரா பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"சொல்லு. பேசுவியோ பேசமாட்டியோ. அதானே? எனக்கும்தான்யா பயமா இருக்குது. ராத்திரியெல்லாம் தொண்டையத் தடவிப் பாத்துக்கினு கெடக்குறேன். அதுக்குன்னு நானும் உன் கூட சேந்து இங்கயும் அங்கயும் ஓடவா?"

அப்சல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மாவாவது ஒரு திருகைத் திருப்பினான். தசரதனுக்கு வந்ததே ஒரு கோபம்! யார் மேல் என்றெல்லாம் கேட்கக் கூடாது. பொண்டாட்டி மேல் காட்ட முடியாது, டாக்டர் இங்கே இல்லை, அப்சல் பாவம். எனவே கம்ப்யூட்டர் மேல் வந்தது. அதன் சி.பி.யு பெட்டியை, உள்ளே ஓடும் விசிறிச் சத்தம் மைக்கில் விழாதபடி, அப்சல் தூரத்து மூலையில் வைத்திருந்தான். தசரதன் நேராக அங்கே போனான்.

"இத மொத்தமாத் தூக்கி மாடிலருந்து போட்டாதான்டா அடங்கும்!" என்று பெட்டியின் இரும்புத் தகடு மேல் பளாரென்று கையை வைத்தான். உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போலச் சுறுசுறுவென்று ஏறியது.

"அண்ணே! அப்பிடியே நில்லுங்க!" என்று அப்சல் அலறினான்.

"இன்னாடா?"

"கைய எடுக்காதீங்க… இப்ப எடுங்க… இப்ப வைங்க!" அப்சல் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "கை வச்சா அடங்குது! எடுத்தா வருது!"

அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இன்னும் இரண்டு தடவை எடுக்கச் சொன்னான், வைக்கச் சொன்னான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான்.

"எர்த்துண்ணே! எர்த்து இல்ல! கை வச்சா உங்க உடம்பே எர்த்து ஆயிடுது! இந்தப் பெட்டியத் தொட்டா ஒரு வாரமா சுறுசுறுன்னுதான் இருக்குது. தொடும்போது ஹெட்போன் மாட்டல, அதனால இரைச்சல் அடங்கினது தெரியல. போன வாரம் வீட்டுக்காரரு போர்வெல்லுல இருந்த இரும்புப் பைப்பு துருப்பிடிச்சுப் போச்சுன்னு எடுத்துட்டு பிளாஸ்டிக் பைப்பு எறக்கினாரு. இந்த வூட்டு எர்த்து ஒயர அந்தப் பைப்புலதான் கட்டி வச்சிருந்தாங்க!"

வயரிங் செய்தவன் செலவு மிச்சம் என்று தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டான். பைப்பை மாற்றியவனுக்குத் தண்ணீர் வந்தால் போதும். கழற்றிய ஒயரை அவன் அழகாகச் சுருட்டி, புதுப் பிளாஸ்டிக் பைப்பிலேயே கட்டிவிட்டிருந்தான். நம் ஊர் வேலை. யாரை நோக?

"அப்ப மண்ணுல ஒரு கம்பி அடி. கடப்பார இருக்குதா?"

"எங்க அடிக்கறது? சுத்திலும் சிமெண்ட் போட்டுட்டாரு. அதுக்கும் கீழ பாறை. நாளைக்கு ஆள் வச்சுதான் பாக்கணும்."

நாளைக்கு. தசரதன் பெட்டியைப் பார்த்தான். சந்திராவைப் பார்த்தான். செருப்பைக் கழற்றி வெளியே எறிந்தான்.

"நான் வச்சுக்கறேன் கைய. நீ ஆரம்பி."

"அண்ணே, எல்லா வார்த்தையும் முடிய நேரம் ஆவும்."

"ஆவட்டும்."

"ஆடக்கூடாது. பேசக்கூடாது. இருமக்கூடக் கூடாது. உங்களால முடியாதுண்ணே."

"நானே நிக்குறேன்னு சொல்றேன், உனக்கு இன்னாடா?"

எர்த்து நன்றாகப் பிடிக்கட்டும் என்று அப்சல் ஒரு கோணியை நனைத்துக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டான். வெறுங்காலோடு அதன் மேல் ஏறியதும் அந்தச் சுறுசுறு கொஞ்சம் ஜாஸ்தி ஆயிற்று, முழங்கை வரைக்கும் வந்தது. "தாங்குமா?" என்று அப்சல் கேட்டான். தசரதன் தலையை மட்டும் ஆட்டினான். அப்சல் ஹெட்போனில் கேட்டுவிட்டு, சந்திராவுக்குக் கையைக் காட்டினான்.

"ஞாயிற்றுக்கிழமை" என்றாள் சந்திரா. "திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை."

முதல் கொஞ்ச நேரம் தசரதனுக்கு உயிர் போயிற்று. கன்னத்தில் வேர்வை இறங்கியது, துடைக்க முடியவில்லை. முழங்காலுக்குப் பின்னால் அரித்தது. வெளியே யாரோ அவன் ஆட்டோவின் ஆர்னை அழுத்திப் பார்ப்பது போலிருந்தது, ஓடிப் போய் இரண்டு அறை விட முடியவில்லை. சந்திரா ஆனி, ஆடி, ஆவணி என்று மாதங்களைச் சொன்னாள். பட்டுப்புடவை, சுடிதார், எவர்சில்வர் பாத்திரம் என்று சொன்னாள். ஒவ்வொன்றையும் மூன்று விதமாக, ஏற்றி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை, நடுவாக ஒரு தடவை.

அவள் பதிவு செய்யும்போது அவன் ஒரு நாளும் உள்ளே நின்றதில்லை. அவளை இறக்கிவிடுவான், டீக்கடைக்குப் போவான், சி.டி தயாரானதும் வந்து வாங்கிக்கொள்வான். அந்தக் குரலை அவன் கேட்டதெல்லாம் ஆட்டோ இன்ஜின் சத்தத்துக்கு மேலே, தலைக்குப் பின்னால் குழாயிலிருந்து. இப்போதுதான் பார்க்கிறான். "வாங்க" என்று சொல்லும்போது அவள் நிஜமாகவே சிரிக்கிறாள். எதிரில் யாரோ படியேறி வருவது போலத் தலையை லேசாகச் சாய்க்கிறாள். அட, இத்தனை வருஷமா இப்படித்தான் சொல்லிக்கினு இருந்தாளா? அவளிடமே கேட்டுவிட வாயெடுத்தான். பேசக் கூடாது. எச்சிலை மெதுவாக விழுங்கினான்.

ஜன்னல் வழியாக விழுந்த வெயில் தரையில் நகர்ந்து அவன் காலைத் தொட்டது. விரல்கள் மரத்துவிட்டன. தோளிலிருந்து கை தன்னுடையதே இல்லை என்று ஆகிவிட்டது. தசரதன் அசையவில்லை. அவனைத் தெரிந்தவர்கள் யாரிடமாவது இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கடைசி நம்பரையும் சொல்லி முடித்துவிட்டு சந்திரா வெந்நீர் குடித்தாள். அப்சல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "சுத்தமா வந்திருக்குதுக்கா. நிறுத்திடவா?"

"இரு பாய். இன்னொண்ணு இருக்குது."

"எல்லாம் ஆயிடுச்சேக்கா. இன்னா கடை?"

சந்திரா பாட்டிலை மூடி வைத்தாள். மூலையில் ஈரக் கோணி மேல் நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்தாள். பிறகு மைக்குக்குக் கிட்டத்தில் வந்து, விளம்பரத்துக்குப் பேசும் குரலில் இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"தசரதன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்களைச் சொல்லச் சொல்வாள். வீட்டில் "யோவ்", வெளியில் "இனியா அப்பா". புருஷன் பெயரைச் சொல்வது அவள் பிறந்த வீட்டில் வழக்கமில்லை, சொன்னால் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள். இப்போது முகமெல்லாம் சிவந்துபோய்ப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை அவளே எடுத்தாள்.

"தசரதன்" என்றாள் மறுபடியும், ஏற்றி. பிறகு இறக்கி, "தசரதன்."

அப்சல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பறம் நான் நெனச்சாலும் கூப்புட முடியாமப் போச்சுன்னா?" என்றாள் சந்திரா, யாரிடம் என்றில்லாமல். குரல் உடைந்தது. "அவ்ளோதான். போதும். கைய எடுய்யா, மரத்துப் போயிருக்கும்."

தசரதன் எடுக்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ள இன்னொரு கை சும்மாத்தான் இருந்தது, அதைக்கூட அவன் அசைக்கவில்லை. பேசக் கூடாது என்று அப்சல் சொன்னது மட்டும் மறந்துபோயிற்று.

"இன்னொரு தபா சொல்லு" என்றான்.