பூனையோடு வந்தவன்

அந்த ஊரில் அடிபட்ட பூனையை யாராவது வீட்டுக்குள் எடுத்தால், அதை அடித்தவரும் கூடவே வந்து தங்க வேண்டும். அதனால், சாக்கடை ஓரம் கிடந்த சாம்பல்நிறப் பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கிவந்த செல்லக்கனி வாசற்கதவைச் சாத்தவில்லை. அடுப்பில் பால் பொங்குவதற்குள் இசக்கிராஜ் வந்துவிட்டான். கையில் ஒரு துணிப்பை. உள்ளே மாற்றுச் சட்டை, லுங்கி, பல் துலக்கும் பிரஷ்.

"அக்கா, பூனை இங்கதான இருக்கு?" என்று கேட்டான்.

"இருக்கு தம்பி. காலக் கழுவிட்டு வா."

அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சந்தைப்பேட்டை வளைவில் வண்டியைத் திருப்பும்போது பூனையின் பின்னங்கால் சக்கரத்தில் சிக்கிவிட்டது. செல்லக்கனி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், தனியாள். வீட்டில் தையல் மிஷினைத் தவிர வேறு சத்தம் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. பூனைக்குச் சாக்கும் அவனுக்குப் பாயும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.

பூனை தேறுவதற்கான பலம் அடித்தவரிடமிருந்துதான் வந்தாக வேண்டும். அது பால் குடித்தால் அவன் கன்னம் ஒட்டியது. அது புரண்டு படுத்தால் அவனால் புரள முடியவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பூனையின் காலை அழுத்திப் பார்த்தார். பிறகு இசக்கிராஜின் காலை அழுத்திப் பார்த்தார்.

"பலம் நல்லா இறங்குது. இந்தக் களிம்ப பூனை காலுக்கு விடாம போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வலிக்குதா தம்பி?" என்று செல்லக்கனி கேட்டாள்.

"முட்டிக்குக் கீழ மரத்துப்போச்சுக்கா. வலி இல்ல."

அவன் படுத்தபடியே அவளிடம் பேசிக்கொண்டிருப்பான். எந்தக் கடைக்காரர் மூட்டையைக் கூட ஏற்றச் சொல்லித் தொந்தரவு செய்வார், சின்ன மகன் எப்படி ஹாரன் சத்தத்தை வைத்தே அப்பா வண்டியைக் கண்டுபிடித்துவிடுவான் என்றெல்லாம். அவள் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். சில நாள் பித்தான் வைக்காமலே சட்டைகளைக் கொடுத்தனுப்பினாள்.

ஒருநாள் அவன் மனைவி பேச்சித்தாய் வந்தாள். புருஷனின் காலைப் பார்த்தாள். அது முருங்கைக்காய் பருமனுக்கு வந்திருந்தது. செல்லக்கனியை அடுப்படிக்கு அழைத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, களிம்பு போடுறத நிறுத்திருங்க. ரெண்டு பிள்ளைய வச்சிருக்கேன். பூனை போனா போகட்டும். அவுகள எனக்குத் திருப்பித் தந்துருங்க."

செல்லக்கனி தலையாட்டினாள். மறுநாள் களிம்பு டப்பாவைத் திறக்கவில்லை.

பூனைக்கு வலி எடுத்தது. அது வாயைத் திறந்தது. சத்தம் இசக்கிராஜின் தொண்டையிலிருந்து வந்தது. அவன் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துப் பார்த்தான். அப்படியும் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தெருவில் காதைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள்.

"போட்டுருங்கக்கா. இனிமே கத்த முடியாது என்னால."

"உன் வீட்டுக்காரிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"நான் கேட்டுக்கிட்டேன்னு சொல்லுங்க."

அவள் போட்டாள். வழக்கத்தைவிடக் கூடுதலாகவே போட்டுவிட்டாள். பிறகு மிஷினில் போய் உட்கார்ந்தவளுக்குத் தையல் போகிற கோடு தெரியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தைத்தாள்.

புதன்கிழமை காலையில் பூனை எழுந்து நின்றது. வலது தோளைச் சற்று இறக்கி, சுமை தூக்கிப் பழகியவன் நடப்பதுபோல நடந்து வாசலைத் தாண்டியது. செல்லக்கனி பின்னாலேயே போனாள். அது மெயின்ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி நின்று, பிறகு கடந்து, தண்ணித்தொட்டிச் சந்தில் திரும்பி, லோடு ஆட்டோ நிற்கிற வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது. பேச்சித்தாய் வெளியே வந்தாள். பூனையை வெகுநேரம் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிலைப்படியிலிருந்து ஒதுங்கி வழிவிட்டாள்.

செல்லக்கனி திரும்பி வந்து இசக்கிராஜின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"எங்க போச்சு?"

"உன் வீட்டுக்கு."

"கதவத் திறந்தாளா?"

"திறந்தா."

"பிள்ளைக?"

"அப்பா வந்தாச்சுன்னு சின்னவன் ஓடிவந்தான்."

அவன் "சாப்பாடு போட்டாளா?" என்று கேட்டான்.

"மீன் வறுக்கிற வாசம் வந்துச்சு."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதன் பிறகு அவளிடம் எதுவும் பேசவில்லை. பாய் அவனுக்குப் பெரிதாகிவிட்டதால் அவனைச் சாக்குக்கு மாற்றினாள்.

மழைக்காலத்தில் பேச்சித்தாய் மறுபடி வந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். வண்டி நன்றாக ஓடுகிறது என்றாள். இசக்கிராஜின் பழைய சட்டைகளைச் சதுரமாகக் கிழித்து, துடைக்க ஆகும் என்று கொண்டுவந்திருந்தாள். சாக்கை எட்டிப் பார்த்தாள்.

"இது ஏதாச்சும் திங்குதா அக்கா?"

"பாலு மட்டும். அதுவும் துணியில நனைச்சு வச்சாதான்."

"பாவம்," என்றாள். பிறகு ஞாபகம் வந்தவளாக முகம் மலர்ந்தாள். "மூத்தவனுக்கு மீசை விடுதுக்கா. எட்டு வயசுதான். ஈர்க்குச்சி மாதிரி, பக்கத்துக்கு நாலு. அப்படியே அப்பா சாயல். பள்ளிக்கூடத்துல வெட்டிட்டு வரச் சொல்லுதாவ."

சாக்கிலிருந்து சத்தம் வந்தது. இரண்டு பெண்களும் குனிந்தார்கள்.

"வெட்ட வேண்டாம்," என்றான் இசக்கிராஜ். "வெட்டுனா பிள்ளைக்கு இருட்டுல வழி தெரியாது."

பேச்சித்தாய் நிமிர்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"சரின்னு சொல்லிருங்கக்கா," என்று செல்லக்கனியிடம் சொன்னாள்.

செல்லக்கனி சாக்கின் பக்கம் குனிந்து, சரி என்று சொன்னாள்.