புருஸ்னிகாவின் இடது கண்

கறிக்கூடத்து வண்டி ஒன்பது மணிக்கு வர வேண்டியது. எட்டுக்கே வந்து நின்றுவிட்டது.

தயீசியா காரை நிறுத்தியபோது வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. ஏறுபலகையின் நுனி, விடியற்காலையில் விழுந்த முதல் பனியில் புதைந்து கிடந்தது. ஓட்டுநர் ரவில் அதன் மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் வந்துட்டீங்களே."

"பனி கூடினா அந்த மேட்டுல வண்டி ஏறாது டாக்டர். நீங்க உங்க வேலையப் பாருங்க. எனக்குக் கொறிக்க விதை இருக்கு."

தயீசியா ரோதியோனோவ்னா, கால்நடைக் கண் மருத்துவர். ஓப் நதிக் கரையிலிருந்த ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில், பதினொரு வருடமாக எலிகளின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு வந்தவள். வயதாக ஆக, உள்ளே இழுக்கிற மூச்சே கண்ணுக்குள் ஒருவிதத் துருவை ஏற்றுகிறது. முன்பக்கத்து வில்லையை மங்கடிக்கிறது, பின்பக்கத்து விழித்திரையை அரிக்கிறது. அந்தத் துருவைத் தடுக்கத்தான் மருந்து. எலிகளுக்குக் கேட்டது. எலிக்கண்ணை விடப் பெரிய எந்தக் கண்ணுக்கும் அதுவரை அவள் விட்டுப் பார்த்ததில்லை.

அப்போதுதான் புருஸ்னிகா அகப்பட்டாள். காட்டுச் சிவப்புப் பழத்தின் பெயர் கொண்ட பத்தொன்பது வயதுப் பெண்குதிரை. இரண்டு கண்ணும் ஆடையெடுத்த பால்போல் மங்கி, குதிரையேற்றப் பள்ளியின் கடைசிக் கொட்டடியில் நின்றுகொண்டிருந்தாள்.

பள்ளிக்காரி ரெகினா கார்லோவ்னா ஆறு வாரத்துக்கு முன்பே கறாராகச் சொல்லிவிட்டாள்: "போன வசந்தத்துல இதுக்குக் கண்ணு தானா தெளிஞ்சுது. நம்பி ஒரு பொண்ண ஏத்தினேன். பத்தே நாள்ல மறுபடி இருட்டு. வேலில போய் முட்டி, அந்தப் பொண்ணுக்குக் காறை எலும்பு போச்சு. தானா வர்ற வெளிச்சத்த நான் இனிமே நம்ப மாட்டேன். மருந்தாலதான் வந்துச்சுன்னு காட்டு. இல்லாட்டி, முதல் பனிக்குக் கறிக்கூடத்து வண்டி வரும்."

காட்டுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. இரண்டு பாட்டில்கள். சிவப்பு நூல் கட்டியது வலது கண்ணுக்கு, அதில் மருந்து. பச்சை நூல் கட்டியது இடது கண்ணுக்கு. அதில் வெறும் உப்புத் தண்ணீர். வலது தெளிந்து இடது தெளியாவிட்டால் மருந்து ஜெயித்தது. தினமும் சொட்டு விட வேண்டியவர் லாயக்காரர் சாவிச். எது மருந்து, எது தண்ணீர் என்று அவரிடம் தயீசியா சொல்லவில்லை. தெரிந்தால் கை ஒரு பக்கமாகச் சாயும்.

இப்போது சாவிச் குதிரையைக் கடிவாளத்தோடு முற்றத்துக்கு நடத்திவந்தார். எழுபது வயது, காதுமடல் வைத்த தொப்பி, மூக்கு நுனியில் ஒரு துளி.

"கும்புடறேன் டாக்டரம்மா. நம்ம சீமாட்டி இன்னிக்குக் காலையில கஞ்சிகூடக் குடிக்கல," என்று குதிரையின் கழுத்தைத் தட்டினார்.

"நீ குடிச்சியா?" என்றாள் பின்னாலேயே வந்த ரெகினா.

"நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துக் குடிச்சேன்."

தயீசியா கறுப்புத் துணியால் இடது கண்ணைக் கட்டினாள். பையிலிருந்து பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்தாள். பஞ்சுக்குச் சத்தமில்லை, வாசனையில்லை, காற்றும் கிளம்பாது. வலது கண்ணுக்கு முன்னால் உயர்த்திப் பிடித்து, விட்டாள்.

பஞ்சு இறங்கியது. அதோடு கூடவே அந்தப் பெரிய கண்ணும் இறங்கியது.

மறுபடி விட்டாள். மறுபடியும் கண் இறங்கியது. இந்தத் தடவை காதும் முன்னால் மடிந்தது. ரவில் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டான்.

"இப்ப இன்னொண்ணு," என்றாள் ரெகினா.

துணியை வலது கண்ணுக்கு மாற்றினாள். இது தண்ணீர்க் கண். இது அசையக் கூடாது. பஞ்சை விட்டாள்.

இடது கண்ணும் பஞ்சோடு இறங்கியது.

பத்து தடவை விட்டாள். பத்து தடவையும் இறங்கியது. குருட்டுக் குதிரை இரண்டு கண்ணாலும் பார்க்கிறது. தயீசியாவின் சோதனைக்கோ அது தோல்வி.

கைவிளக்குக் கருவியை எடுத்து அந்த இடது கண்ணுக்குள் எட்டிப் பார்த்தாள். ஆறு வாரத்துக்கு முன் அங்கே மூடுபனி மட்டும்தான் இருந்தது. இன்றைக்கு வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே போயிற்று. ஆழத்தில் பச்சையும் நீலமுமாக ஒரு வானம் பளபளத்தது. அதன் அடியில், உதிக்கப்போகிற சூரியன்போல் இளஞ்சிவப்பு வட்டம். வட்டத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள். இமையோரத்தில் விடுகிற ஒரு சொட்டு, இத்தனை தூரம் நீந்திப்போய் இந்த வானத்தைத் துடைத்திருக்கிறதா? பதினொரு வருடமாக எலிக் கண்ணில் கடுகளவு பார்த்ததை, இப்போது முழு அகலத்தில் பார்க்கிறாள்.

ஆனால் இது தண்ணீர்க் கண். எப்படி?

"ரெண்டும் பாக்குது," ரெகினாவின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. "அப்ப தண்ணியும் மருந்தும் ஒண்ணு. போன வசந்தம் மாதிரிதான் இதுவும், தானா வந்தது. தானா போயிடும். அடுத்த தடவ யாரு எலும்பு உடையணும்? ரவில், ஏத்துப்பா."

"அக்கா, பாக்கற குதிரைய எப்படி—"

"நான் சொல்றேன்ல."

ரவில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்தான். சாவிச் கடிவாளத்தைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

தயீசியாவின் மூளை விறுவிறுவென்று ஓடியது. ஆராய்ச்சிக் கூடத்திலேயே பாட்டில் மாறிப்போயிற்றா? மிச்ச மருந்தைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

"சாவிச், பாட்டில்களைக் குடுங்க."

அவர் தொப்பியைக் கழற்றி, உள்மடிப்பிலிருந்து இரண்டையும் எடுத்தார். குளிரில் உறையாமலிருக்க அவர் கண்டுபிடித்த அலமாரி அது. தயீசியா வாங்கிக் குலுக்கினாள். இரண்டும் காலி.

மூன்று மாதத்துக்கான மருந்து. ஆறு வாரம்தான் ஆகிறது. இரண்டிலும் பாதி மிச்சமிருக்க வேண்டும்.

"கொட்டிட்டீங்களா?"

"ஐயோ, ஒரு சொட்டு கொட்டல." சாவிச்சின் காது சிவந்தது. "நேத்தோட தீர்ந்துச்சு."

"எப்படித் தீரும்? சிவப்பு வலதுக்கு ஒரு சொட்டு, பச்சை இடதுக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதானே?"

அவர் காலணியால் பனியைக் கிளறினார். "ரெண்டு பாட்டிலு, ரெண்டு நூலு. ஒண்ணு அசலு, ஒண்ணு சும்மான்னு எனக்கும் புரியாதா டாக்டரம்மா? எதுன்னு நீங்க சொல்லல. எந்தக் கண்ணு பாவம் பண்ணிச்சு? பட்டாளத்துல ஒரு ரொட்டி கெடச்சாலும் அண்ணன் தம்பி பங்குதான். அதான், ரெண்டு கண்ணுலயும் ரெண்டையும் விட்டேன். தினமும் ஒவ்வொரு கண்ணுக்கும் ரெண்டு பாட்டில்லயும் ஒவ்வொரு சொட்டு. கூடக் குறைய இல்ல."

ரவில்தான் முதலில் சிரித்தான்.

"முட்டாக் கிழவா," என்றாள் ரெகினா. "ஒரு மாசத்துச் சோதனைய நாசம் பண்ணிட்டியே."

"ஒண்ணரை மாசம்," என்று திருத்தினார் சாவிச்.

ரெகினா தயீசியா பக்கம் திரும்பினாள். "உண்மையச் சொல்லு. இப்ப இது மருந்துதான்னு நிரூபணம் ஆச்சா?"

ஆமாம் என்றால் குதிரை பிழைக்கும். ஒரே வார்த்தை. தயீசியாவின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது.

"இல்ல," என்றாள். "ஒப்பிட ஒரு கண்ணு மிச்சமில்ல. தாள்ல நான் 'செல்லாது'ன்னுதான் எழுதணும். ஆனா போன வசந்தத்துல இதோட கண்ணுக்குள்ள யாரும் எட்டிப் பாக்கல. இன்னிக்கு நான் பாத்தேன். நீங்களும் பாருங்க."

கருவியை நீட்டினாள். ரெகினா தயங்கினாள். பிறகு கையுறையைக் கழற்றி வாங்கி, குனிந்து கண்ணை வைத்தாள். புருஸ்னிகா அசையாமல் நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று. ரெகினாவின் தோள் மெல்ல இறங்கியது.

"உள்ள இவ்வளவு இருக்கா," என்றாள் அடிக்குரலில். யாரிடமும் சொன்னதுபோல் இல்லை.

நிமிர்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இந்தக் கிழவன் இருபது வருஷத்துல எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. சொல்ற அளவுக்கு மூளையும் இல்ல. ரெண்டு கண்ணுலயும் மருந்து விட்டேன்னா விட்டிருப்பான். மேல மருந்து கொண்டா டாக்டர். வசந்தம் வரைக்கும் பாப்போம். பிள்ளைங்க யாரும் ஏறக் கூடாது. ரவில், பலகைய மடி."

"நல்லதுக்கா," என்று பலகையை ஓங்கிச் சாத்தினான் ரவில். பெரிய பாரம் ஏற்றாமல் தப்பித்தவன்போல் இருந்தது அவன் முகம்.

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பி, கதவு தாண்டி, வெள்ளை மேட்டில் ஏறியது. சத்தம் தேய்ந்து அடங்கிய பிறகும் புருஸ்னிகாவின் தலை அதன் பின்னாலேயே திரும்பிக்கொண்டிருந்தது. தூரத்து மேட்டில் ஊர்ந்த அந்தச் சின்னப் புள்ளி பிர்ச் மரங்களுக்குள் நுழைந்து மறையும்வரை அவள் பார்த்தாள். அவளையே பார்த்துக்கொண்டு மூன்று பேரும் பனியில் நின்றார்கள்.