ஆரம்பித்தால் நிறுத்த முடியாத மாத்திரை

“எங்கம்மாகிட்ட மன்னிப்பு கேளுங்க பெரியப்பா. இங்கேயே, இவங்க எல்லார் முன்னாடியும்.”

பெரியப்பாவின் புத்தக பைண்டிங் கூடத்தில் தாள் மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. பெரியப்பாவிடம் எதையும் கேட்டு மட்டும் நிற்காதே என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்தவள் அம்மா. குடும்பத்தின் முதல் பட்டமான அவளுடைய பட்டம் அவர் கட்டிய ஃபீஸில் வந்தது. அம்மா பசை வாளிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எதுக்குடி மன்னிப்பு? பதினாறு பதினாறு பக்கமா மடிச்ச ஃபாரத்துல அஞ்சாவதை மூணாவது இடத்துல வெச்சுத் தைச்சிருக்கா. முப்பத்திரண்டாம் பக்கத்துக்கு அடுத்து அறுபத்தஞ்சு வருது. கழுதைன்னு சொல்லாம கண்ணேன்னு கொஞ்சுவாங்களா?”

“அது கவனக்குறைவு இல்ல. ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சு. மூளைக்குள்ள இருக்கிற பொடி ரத்தக்குழாயெல்லாம் கெட்டுப்போக ஆரம்பிச்சிருக்கு. வருஷக்கணக்கா பிரஷரைக் கண்டுக்காம விட்ட வேலை. டாக்டர் குடுத்த மாத்திரையை யார் நிறுத்துனது?”

அதைச் சொல்வதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது. “நான்தான். ஒருதரம் ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது. எனக்குந்தான் பிரஷர் இருக்கு. ஒண்ணாவது முழுங்கியிருப்பேனா? குத்துக்கல்லாட்டம் இல்ல?”

“குத்துக்கல்லுக்கு ரத்தக்குழாய் கிடையாது பெரியப்பா. உங்களுக்கு இருக்கு, போய்ப் பாருங்க. சோறுகூடத்தான் ஆயுசுக்கும் விட முடியல. அதை நிறுத்தினீங்களா?”

மடிப்பு மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

“உன்னைப் படிக்க வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“படிக்க வெச்சீங்க, இல்லேங்கல. அதுக்காக எங்கம்மா மூளையை உங்களுக்கு எழுதிக் குடுக்கல.”

அம்மா எழுந்து வந்து அவள் கையை இழுத்தாள். “விடுடி. எனக்கும் வயசாச்சு, மறந்து போறேன்.”

“நாப்பத்தெட்டு ஒரு வயசாம்மா?”

பெரியப்பாவைவிட அந்தப் பேச்சுதான் அவளுக்கு எரிந்தது. ஏச்சு வாங்கி வாங்கி, தான் மக்குதான் என்று அம்மாவே நம்பிவிட்டிருந்தாள். போனது திரும்பாது, மிச்சத்தைப் பிடித்து வைக்கலாம் என்றிருந்தார் டாக்டர். அந்த மிச்சத்தையும் இந்தக் கூடத்துக்கே கொடுப்பதா?

பெரியப்பா தையல் எந்திரத்தைப் போட்டார். மன்னிப்பு வராது. அதற்காக அவள் காத்திருக்கவும் இல்லை. தன் ஆபீசுக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு அறை பார்த்து நேற்றே சாவி வாங்கியாகிவிட்டது. மாத்திரையும் வாங்கியாகிவிட்டது.

“கிளம்பும்மா. இன்னைக்கே ஆரம்பிக்கணும்.”

அம்மா பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அங்க என்ன பார்வை? செருப்பைப் போடு.”

பசைக் கையைத் துடைத்துக்கொண்டே அம்மா கேட்டாள்: “கசக்குமாடி?”

“கசந்தா முழுங்கு.”

அம்மாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள்.