பொத்தானுக்கு ஒரு பொட்டு

கீபோர்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் பரந்தாமன் ஸ்டூலில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்று பேர்தான். பாதி உடம்பு ஸ்டூலில் இருந்தது, பாதி வாசலில் இருந்தது. நான் திருத்தணி பஜாரில் ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் ரிப்பேர் பார்க்கிறவன். பெயர் ஃபக்ருதீன். கீபோர்டை மேடையில் பார்த்திருக்கிறேனே தவிர, அதன் வயிற்றைத் திறந்து பார்த்ததில்லை. அதை அவனிடம் மறைக்காமல் சொன்னேன். மெட்ராசுக்குக் கொண்டுபோக நேரமில்லை, நீதான் பார்க்க வேண்டும் என்றான்.

வரதராஜன் நடத்தும் மெல்லிசைக் குழுவில் பரந்தாமன் கீபோர்டு வாசிக்கிறான். வாத்தியம் வரதராஜனுடையது, பர்மா பஜாரில் ஆசை ஆசையாக வாங்கியது. கட்டைகள் எல்லாம் ஒழுங்காகத்தான் பேசின. மேலே வரிசையாக இருக்கும் பொத்தான்கள்தான் செத்துக் கிடந்தன. ஒன்றை அமுக்கினால் வயலின் குரல் வர வேண்டும், இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல், இன்னொன்றுக்கு வீணை. எதை அமுக்கினாலும் அது பாட்டுக்கு ஆர்கனிலேயே நின்றது.

போன வாரம் பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணம். பரந்தாமனின் சொந்த ஊர். சோகப் பாட்டில் வயலின் அழ வேண்டிய இடத்தில் ஆர்கன் அலறியிருக்கிறது. ஜனம் விசிலடித்தது. வரதராஜன் அங்கேயே, மைக் திறந்திருக்கிறது என்பதையும் மறந்து, "தறி இழுக்கற கைய வெச்சி அமுக்கினா இப்டிதான்" என்று திட்டிவிட்டார். முதல் வரிசையில் பரந்தாமனின் அப்பா உட்கார்ந்திருந்தார். மகன் தறியை விட்டுப் பாட்டுக்குப் போனதிலிருந்து அவனோடு பேசாதவர், அன்றுதான் கேட்க வந்திருந்தார்.

இன்று சாயங்காலம் மலையடி மண்டபத்தில் ரிசப்ஷன். அதற்குள் பொத்தான் வேலை செய்யவில்லையென்றால் அரக்கோணத்திலிருந்து ஒருவன் சொந்தக் கீபோர்டோடு வருவான். அப்புறம் அவன்தான் நிரந்தரம். வரதராஜன் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"மறுபடி பவர்லூம்ல போய் நின்னா, அந்தச் சத்தத்துல காதுல இருக்கற சுருதி போயிடும் பாய்" என்றான் பரந்தாமன். எனக்கு என்னமோ போலாகிவிட்டது. ஆறுதல் சொல்லத் தெரியாததால், குறுக்கே பேசாதே என்று அதட்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

கழற்றக் கழற்ற ஆணி வந்துகொண்டே இருந்தது. எது எங்கே இருந்தது என்று மறந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் அதன் இடத்துக்கு நேராகப் பேப்பரில் வைத்தேன். ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. அரக்கோணத்தான் அதில் வந்திருப்பானோ என்று பரந்தாமன் எழுந்து வாசலுக்குப் போனான். அவன் எழுந்த வேகத்தில் மேஜை ஆடி, பாதி ஆணி உருண்டுவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் உருதுவில் சொல்லித் தீர்த்தேன்.

மூடியைத் தூக்கினேன். பொத்தான்களுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒன்று, அதில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். பொத்தானை அமுக்கினால் அந்தப் புள்ளி கீழே இருக்கும் பலகையில் போய் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் ஒட்ட விடாமல் நடுவில் ஏதோ காய்ந்து போய் ஏடு கட்டியிருந்தது. மஞ்சளாக, நடுநடுவே சிவப்பாக. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். சந்தன வாசனை.

பரந்தாமன் தரையைப் பார்த்தான்.

"இது எப்பிடிடா உள்ள போச்சி?"

தரையைப் பார்த்தபடியே சொன்னான். ஆயுதபூஜையன்று வரதராஜன் வாத்தியங்களுக்கெல்லாம் பூஜை போட்டிருக்கிறார். தபேலாவுக்கு ஒரு பொட்டு, டிரம்முக்கு ஒரு பொட்டு. கீபோர்டுக்கு வரும்போது யோசித்திருக்கிறார். இது ஒரே ஒரு வாத்தியமா என்ன? உள்ளே வயலின் இருக்கிறது, குழல் இருக்கிறது, வீணை இருக்கிறது. ஒன்றுக்கு வைத்து இன்னொன்றை விட்டால் குறையாகிவிடாதா? அதனால் மலைக்கோயில் சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாகப் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் இட்டு, மிச்சப் பன்னீரையும் தெளித்திருக்கிறார்.

வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என் நிலைமை எனக்கே உறைத்தது. வரதராஜன் வந்து என்ன கோளாறு என்று கேட்பாரே, நான் என்ன சொல்வேன்? சாமிக்குச் செய்த காரியத்தால் மிஷின் கெட்டது என்று ஒரு பாய் சொல்ல முடியுமா? இந்த ஊரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆயுதபூஜை முடிந்தால் பத்து வீட்டுப் பொரி என் கடைக்கு வரும். அதற்காக எதையும் பேசிவிடலாம் என்று இல்லையே.

தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். சந்தனம் கரைந்து வந்தது. குங்குமம் லேசில் விடவில்லை. அழுத்தித் தேய்த்ததில் ஒரு கறுப்புப் புள்ளி பிய்ந்து பஞ்சோடு வந்துவிட்டது. வயலின் பொத்தான். பரந்தாமன் பார்க்கவில்லை, இன்னொரு ரயில் ஊதியிருந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைக் கடுகளவு வெட்டி, பசை தடவி, புள்ளி இருந்த இடத்தில் ஒட்டினேன். பசை காயும்வரை மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

மூடி போட்டு சுவிட்சைத் தட்டினேன். பரந்தாமன் பொத்தானைத் தொட்டான். வயலின் அழுதது. அவனும் அழுதான்.

அந்த நேரம் பார்த்து வரதராஜன் உள்ளே வந்தார். காலையில் மலையில் நடந்த முகூர்த்தத்துக்குப் போனவர், கையில் வாழையிலைப் பொட்டலம் வைத்திருந்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. என்ன கோளாறு என்று கேட்டார்.

"ரப்பர் பழசுண்ணே" என்றேன்.

"வாங்கி ஆறு மாசந்தான பாய் ஆவுது, அதுக்குள்ள பழசா? இவன் கை முரட்டுக் கை. இன்னிக்கி வாசிக்கட்டும். அடுத்ததுலேர்ந்து அரக்கோணத்தான் பாத்துக்குவான்."

நான் சொன்ன பொய் அவன் தலையில் போய் விழுந்தது. வரதராஜன் இலையைப் பிரித்தார். ஈரச் சந்தனம். செத்துப் பிழைத்த சாமானுக்கு ஒரு பொட்டு வைத்து எடுத்துப் போகலாம் என்று விரலில் வழித்துக்கொண்டு கண்ணை மூடினார். விரல் வயலின் பொத்தானை நோக்கி இறங்கியது.

பரந்தாமன் இரண்டு கையாலும் பொத்தான்களை மூடினான். குனிந்து, தன் நெற்றியை அந்த விரலுக்கு நேராகக் கொண்டுபோனான்.

"இங்க வெச்சிடுங்கண்ணே."

சந்தனம் அவன் நெற்றியில் பட்டது. வரதராஜன் கண்ணைத் திறந்தார். மூடியிருந்த கைகளைப் பார்த்தார். மேஜையில் குவிந்திருந்த மஞ்சள் பஞ்சைப் பார்த்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"ஆயுதபூஜைலேர்ந்தாடா?"

"ஆங்."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"கண்ண மூடிகினு, பேர் சொல்லிச் சொல்லி வெச்சீங்கண்ணே. தடுக்கக் கை வரல."

"பள்ளிப்பட்டுல அவ்ளோ ஜனத்துக்கு முன்னால திட்டுனனே, அப்பவாவது?"

பரந்தாமன் கைகளை இன்னும் எடுக்கவில்லை. "நைனா எதிர்ல ஒக்காந்துகினு இருந்தாரு. அவரு முன்னாடி உங்கள அசிங்கப்படுத்திட்டு நான் தப்பிக்கணுமாண்ணே?" என்றான்.

வரதராஜன் விரலில் மிச்சமிருந்த சந்தனத்தை வேட்டியில் துடைத்தார். அவ்வளவு நல்ல வேட்டியில் துடைக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. வாசல்படி வரைக்கும் போய் நின்றார். திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"உங்க நைனா காலையில வூட்ல இருப்பாராடா?"

"இருப்பாருண்ணே. எதுக்கு?"

"நானே வரேன். நீ கூட வராத. நான் தனியாத்தான் அவருகிட்ட பேசணும்."

பரந்தாமனுக்குப் புரிய நேரம் பிடித்தது. கீபோர்டைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அப்போதும் நம்பிக்கையில்லாமல், அப்படியென்றால் அரக்கோணத்துக்காரன் என்று இழுத்தான்.

"வந்தா சாப்ட்டுப் போவட்டும்" என்றார் வரதராஜன்.