பெரிய அண்டா

விராலிமலைப் பக்கத்துக் கல்லூரிக்கு வந்த நான்கு மாதத்தில் ரெஹேமாவுக்கு ஆறு பொன்னாடைகள் சேர்ந்துவிட்டன. தான்சானியாவிலிருந்து அங்கே படிக்க வந்தவள் அவள் ஒருத்திதான். ஆசிரியர் தினம், ரத்த தான முகாம், புது பஸ்ஸுக்குப் பூஜை, எதுவானாலும் மேடையில் அவளுக்கொரு நாற்காலி. போட்டோ எடுத்து முடிந்ததும் இறக்கிவிடுவார்கள். அவள் முதலில் கற்ற தமிழ்ச் சொல் 'ஒக்காருங்க'.

வாலிபாலுக்குப் போனால் வெயில் ஒத்துக்காது என்றார்கள். விடுதியில் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனால் யாராவது பிடுங்கிக்கொண்டார்கள். யாரைக் கோபிப்பது? எல்லாரும் சிரித்துக்கொண்டே செய்தார்கள்.

பொங்கல் விழாவில் கயிறு இழுக்கும் போட்டி என்றதும் தானே போய்ப் பெயர் கொடுத்தாள். தோற்ற வகுப்பு பொங்கல் வைத்த அண்டாக்களைக் கழுவ வேண்டும். ரெஹேமாவின் பி.சி.ஏ. வகுப்பு அணிக்குத் தலைவி காவ்யா, கட்டுமாவடிக்காரி, வலை இழுத்துக் காய்த்த கை. அவள் ரெஹேமாவை எட்டாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டாள்.

விழாவன்று பட்டியலில் ரெஹேமாவின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. விளையாட்டு ஆசிரியர் ஆண்டியப்பன் நயமாகச் சொன்னார்.

"நீங்க கெஸ்ட்டும்மா. கைய கால ஒடச்சுக்கிட்டா ஒங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? மேடையில ஒக்காருங்க."

உட்கார்ந்தாள். ஏழாவது பொன்னாடை விழுந்தது. கீழே காமர்ஸ் பெண்கள் எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். பி.சி.ஏ. பக்கம் ஏழு பேர். காவ்யா எட்டாவது ஆளைத் தேடிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஹேமா பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு, கட்டிவிட்ட சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். காவ்யாவுக்கு முன்னால் இடம் இருந்தது.

விசில். கயிறு விறைத்தது. மறுநொடி தொளதொளத்துப் போனது. பி.சி.ஏ. மொத்தமும் மல்லாந்து விழுந்தது. காமர்ஸ் பெண்கள் கயிற்றை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். விருந்தாளிக்கு விட்டுக்கொடுத்தார்களாம். மைக்கில் யாரோ தமிழர் பண்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ரெஹேமா எழுந்தாள். கயிற்றின் மறுமுனையை எடுத்துப் போய் அந்தப் பெண்களின் கையில் திணித்தாள்.

"இழுங்க," என்றாள். "நெசமா இழுங்க."

ஆண்டியப்பன் மேடையைப் பார்த்தார். காவ்யா, "ஊதுங்க சார்," என்றாள்.

இந்தத் தடவை இழுத்தார்கள். காலடியில் மண் ஓடியது. பின்னாலிருந்து காவ்யா கத்தியது எதுவும் ரெஹேமாவுக்கு விளங்கவில்லை. சாய வேண்டிய நேரத்தில் குனிந்தாள். குப்புற விழுந்தாள்; பி.சி.ஏ. அணி கோட்டைத் தாண்டிப் போனது. உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. தூக்கிவிட யாரும் வரவில்லை.

குழாயடியில் கரி பிடித்த அண்டாக்கள் காத்திருந்தன. காவ்யா இருப்பதிலேயே பெரியதைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

"ஏன்டி, குதிகால ஊனு, குதிகால ஊனுன்னு தொண்ட கிழியக் கத்துறேன், காதுல விழல? ஒன்னாலதான் தோத்தோம். இத நீதான் தேய்க்கிற."

ரெஹேமா தேங்காய் நாரைச் சோப்புத்தூளில் தோய்த்துத் தேய்த்தாள். உரிந்த கையில் தூள் பட்டதும் உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவாஹிலியில் எதையோ சொன்னாள்.

மற்றவர்கள் நிமிர்ந்தார்கள்.

"அது என்ன வசவு?" என்றாள் காவ்யா. "இன்னொரு தடவ சொல்லு."