ரத்தம் வாய் திறந்தால்

ஊசியைக் கண்டதும் நைனா முகம்மதுவின் கால்கள் தாமாகப் பின்வாங்கி வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தன. காலையிலிருந்து தொண்டை வற்ற, "குத்தறதே தெரியாது, எறும்பு கடிக்கிற மாரிதான்" என்று செங்கல்பட்டு சப்-ஜெயில் முழுக்கக் கூவியவனும் இதே நைனாதான்.

கோவளத்து வீட்டில் கலந்த பன்னீரை மகாபலிபுரம் கடற்கரையில் பாரிஸ் சென்ட் என்று வெள்ளைக்காரனுக்கே விற்று உள்ளே வந்தவன். அந்த வாய்க்காகத்தான் டாக்டரம்மா பார்வதம் அவனைப் பிடித்தார். போன மாதம் ஒரு கைதி மஞ்சள் காமாலையில் செத்துப்போயிருந்தான். எல்லோருக்கும் ரத்தம் சோதிக்க வேண்டும். ஒருவனும் கையை நீட்ட மாட்டேன் என்கிறான். "நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. அவங்களோட இருக்கறவன் நீ சொல்லு" என்றார்.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. உள்ளே பாதிப் பேர் சாராயக் கேஸ். போலீஸ் பிடித்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் ரத்தம் எடுக்கும். அந்த ரத்தம் கோர்ட்டில் வந்து சாட்சி சொல்லும். ரத்தம் எடுப்பதென்றால் அவர்களுக்கு அந்த ஒரே அர்த்தம்தான்.

நைனா பேசிப் பேசியே ஒவ்வொருவனாக வழிக்குக் கொண்டுவந்தான். மசியாதவன் சடையப்பன் ஒருவன்தான். பிடிக்க வந்த அன்று ஏரியில் குதித்து, ரத்தம் கொடுக்காமல் தப்பி, மறுநாள் மாட்டியவன். நைனாவோடு ஒரே தட்டில் தின்று, ஒரே பிளேடில் சவரம் செய்துகொள்ளும் சிநேகிதன். இப்போது சோற்றைக் கண்டாலே குமட்டுகிறான்; கண் மஞ்சளாகிவிட்டது. இவனும் போய்விடுவானோ என்று நைனா அவனையே சுற்றிச் சுற்றி வந்தான்.

"குடிக்கவே இல்லன்னு என் பொண்டாட்டி வசந்தா தலைல அடிச்சி சத்தியம் பண்ணிக்கீறேன்" என்றான் சடையப்பன். "ரத்தம் வேற மாரி சொல்லிச்சின்னா அவ என்ன வூட்டுக்குள்ள வுடுவாளா?"

"நீ குடிச்சி மாசக்கணக்காச்சி மச்சான். இது காமாலைய மட்டுந்தான் சொல்லும்."

"ஒண்ண மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்குமா?"

இப்போது வேடிக்கை பார்க்க மட்டும் வந்த சடையப்பன், வரிசையின் கடைசியில் நைனாவைக் கண்டுபிடித்துவிட்டான்.

"இன்னா அண்ணாத்த, எல்லாருக்கும் சொல்லிட்டு நீ பதுங்கிக்கினு கீற?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. மானம் போயிற்று. "நான் குத்திக்கினா நீ குத்திக்குவியா?" என்று நைனாவின் வாய் முந்திக்கொண்டது.

"குத்திக்கறேன்."

நைனா போய் உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லிக் கண்ணை மூடினான். டாக்டரம்மா ரத்தத்தை எடுத்துப் பஞ்சை வைத்தாரோ இல்லையோ, ஆள் சரிந்தான்.

விழித்தபோது தரையில் கிடந்தான். சடையப்பன் சொன்ன சொல் தவறாமல் கையை நீட்டி உட்கார்ந்து, வார்டர் காதிலும் விழும்படி கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு குடிச்சது மூணு டம்ளருதாம்மா. நானே சொல்லிடறேன். அது பேச்ச கேட்டுகினு அதிகமா எழுதிடாதீங்க."

வார்டரே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பாவிப்பயல் ஒருவழியாகக் கையை நீட்டிவிட்டானே என்ற நிம்மதியில் நைனாவும் படுத்தபடியே சிரித்தான்.

பார்வதம் சடையப்பனின் ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, நைனாவின் பக்கத்தில் குனிந்தார். கட்டைவிரலால் அவன் கீழ் இமையை இழுத்துக் கண்ணின் வெள்ளையைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, இன்னொரு முறை பார்த்தார்.